சொந்தக்காரர் இல்லாத தலைநகரம்

எங்கள் வீட்டில் வெளிநாட்டுப் பயணம் என்றால் ஒரு வரவேற்பறையில் இருந்து இன்னொரு வரவேற்பறைக்குப் போவது. பாரிஸுக்கு மூன்று தடவை போயிருக்கிறோம். அந்த இரும்புக் கோபுரத்தை ஒரே ஒரு முறை, கார்க் கண்ணாடி வழியாக, “அந்தா தெரியுது” என்று யாரோ சொல்லி நான் திரும்புவதற்குள் மறைந்த அளவுக்குப் பார்த்தேன். மீதி நேரம் கணவரின் சித்தப்பா வீட்டுச் சோபாவில் இருந்து அவர்களுடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டு வீடியோ பார்த்தோம். லண்டனிலும் அப்படித்தான், வீடியோ மட்டும் வேறு. சுவிஸில் மலை காட்டுகிறோம் என்று கூட்டிப்போனார்கள். மழை வந்ததால் பாதி வழியில் திரும்பி, இன்னொரு உறவினர் வீட்டில் கொத்துரொட்டி சாப்பிட்டோம். நல்ல கொத்துரொட்டி.

ஆகவே ஊரில் சண்டை முடிந்த வருடம், நாங்கள் இருவரும் தென்னமெரிக்காவில் எக்குவடோர் நாட்டின் தலைநகரான கித்தோவுக்குப் போகிறோம் என்று சொன்னபோது, இங்கே கனடாவில் யூனியன்வில்லில் இருக்கும் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி நியாயமானது.

“அங்க ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை மச்சாள்.”

“ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு என்னத்துக்குப் போறியள்?”

“இடம் பாக்க.”

மச்சாள் குரலைத் தாழ்த்தி, “தம்பிக்குச் சுகமில்லையோ?” என்றார்.

அவர் கேட்டது முற்றிலும் பிழை இல்லை. அந்த வசந்த காலம் முழுக்க என் கணவர் வீட்டில் நிற்கவே இல்லை. வேலை முடிந்ததும் ஸ்காபரோவில் இருந்து ரயில் பிடித்து நகரின் நடுவுக்குப் போவார். சண்டையை நிறுத்தச் சொல்லிக் கொடியோடு வீதியில் நிற்பார். தொண்டை அடைத்துப்போய் வருவார். மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. அதன் பிறகு வேலைக்குப் போவார், வருவார், சோபாவில் இருப்பார். தொலைக்காட்சி ஓடும், அதில் என்ன போகிறது என்று கேட்டால் தெரியாது. கல்யாணம், பிறந்தநாள், கோயில் ஒன்றுக்கும் வரமாட்டார். போனால் கதை ஒரே இடத்துக்குத்தான் போகும்: யார் முகாமில், யாரைக் காணவில்லை, யார் விட்ட பிழை. கோடை வந்து போனது. புல்லை நான் வெட்டினேன். முன்பென்றால் என் புல்வெட்டை விமர்சிக்க யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். வளைந்து வளைந்து வெட்டிய அந்தப் புல்லைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போன அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. இந்த மனிதரை எப்படியாவது அந்தச் சோபாவில் இருந்து எழுப்ப வேண்டும்.

முதலில் முயன்றவள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகள்.

“அப்பா, எல்லாரும் இப்ப ஜாஃப்னா போகினம். நீங்களும் சம்வேர் போங்கோவன். லண்டன்?”

தலை ஆடியது, வேண்டாம் என்று.

“பாரிஸ்? சித்தப்பா தாத்தா வீட்டை?”

அதற்கும் அதே ஆட்டம்.

“அப்ப கித்தோ? யூ நோ தட் பிளேஸ், ரைட்?”

அவள் சிரித்துக்கொண்டு பகிடிக்குத்தான் சொன்னாள். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

“அங்கயெண்டால் போகலாம்,” என்றார். “அங்க ஒருத்தரும் இல்லைத்தானே.”

மகள் மடிக்கணினியை எடுத்து அந்த இடத்திலேயே பயணச்சீட்டுத் தேடத் தொடங்கினாள். அவர் மனம் மாறுவதற்கு நேரம் கொடுக்கவில்லை. அந்தக் கெட்டித்தனம் என் பக்கத்தில் இருந்து வந்தது.

கித்தோ ஏன் பகிடி என்று சொல்ல வேண்டும். கனடாவுக்கு வரும் வழியில் என் கணவர் அந்த நகரத்தில் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தவர். எங்கள் ஆட்களில் பலர் அப்படி ஏதோ ஒரு நாட்டில் அடுத்த விமானத்துக்காகக் காத்துக் கிடந்தவர்கள்தான். பொதுவாக அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். இவர் மட்டும் திறப்பார். பிறந்தநாள் விழாக்களில் இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு, கித்தோவில் பார்க்க வேண்டிய இடங்களை ஒழுங்காகச் சொல்லுவார்: உள்ளே முழுக்கப் பொன் பூசிய தேவாலயம். குன்றின் மேல் சிறகு வைத்த மாதா. பூமியின் நடுக்கோடு, ஒரு கால் வடக்கில், மற்றக் கால் தெற்கில். ஜனாதிபதி மாளிகை இருக்கும் பெரிய சதுக்கம். இளையவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். “அண்ணை எல்லாம் பாத்திட்டார்,” என்பார்கள்.

ஊரில் நான் ஒரு நாளிதழில் பிழை திருத்துவதில் தொடங்கிச் செய்தி எழுதும் வரை வந்தவள். நேரில் போகாத நிருபரின் செய்தி எனக்கு முதல் பந்தியிலேயே தெரிந்துவிடும். எல்லா விவரமும் சரியாக இருக்கும். மழை மட்டும் பெய்யாது, ஒருவருக்கும் கால் உளையாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் சும்மா கேட்டுப் பார்த்தேன்.

“அந்தப் பொன் கோயிலுக்குள்ள போகேக்கை செருப்புக் கழட்ட வேணுமோ?”

“பின்னை? கழட்டத்தான் வேணும்,” என்றார்.

மேல்நாட்டுக் கத்தோலிக்கத் தேவாலயங்களில் ஒருவரும் செருப்புக் கழட்டுவதில்லை. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

உண்மையைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவரே சொன்னார். ஓர் அறையில் ஆறு பேர். யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். வெளியே தலை காட்டக் கூடாது என்பது கனடாவுக்கு அனுப்பக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரனின் கட்டளை. வாரத்துக்கு ஒருமுறை அவன் கோழியும் சோறும் கொண்டுவந்து பாடம் எடுப்பான். பொலிஸ் பிடித்தால், நாங்கள் உல்லாசப் பயணிகள் என்று சொல்ல வேண்டும். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், ஸ்பானிய மொழியில் இடங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். பிழை விட்டவனுக்குக் கோழிக் கால் இல்லை. அந்த நகரத்தின் காட்சிகளை அவ்வளவு சிரத்தையாகப் படித்த பயணிகள் வேறு யாரும் இருக்க முடியாது. ஒன்றையும் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

புறப்படுவதற்கு முன் மச்சாள் வந்தார். முறுக்கு, பருத்தித்துறை வடை, மிளகாய்த்தூள் என்று ஒரு பெரிய பொதி.

“ஆருக்கு மச்சாள் இது?”

“ஆராவது இருப்பினம். எங்கட ஆக்கள் இல்லாத நாடு எங்க இருக்கு? சந்திச்சால் குடுங்கோ.”

தம்பியைப் பார்த்து, “உனக்கு விசரடா. ஊர் இப்பதான் திறந்திருக்கு, நீ ஆற்றையோ ஊருக்குப் போறாய்,” என்றார். என் கணவர் பெட்டியைப் பூட்டினார். நான் உதவிக்குப் பெட்டியின் மேல் ஏறி இருந்தேன். பொதியை எங்களால் ஒருவருக்கும் கொடுக்க முடியவில்லை. முதல் இரவே ஹோட்டல் கட்டிலில் இருந்து நாங்கள்தான் தின்று முடித்தோம்.

அந்தக் காலத்தில் கித்தோ விமான நிலையம் நகரத்துக்கு உள்ளேயே இருந்தது. விமானம் வீடுகளின் கூரைகளுக்கு நடுவே, கொடியில் காயும் உடுப்பை எண்ணலாம் போல இறங்கியது. என் கணவர் பாஸ்போட்டைச் சட்டைப் பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். முதல் தடவை அவர் இந்த ஊரைவிட்டுப் போனது வேறொருவரின் பாஸ்போட்டில். இப்போது கையில் இருந்தது அவருடைய சொந்தக் கனடியப் பாஸ்போட். ஆனால் கைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

குடிவரவு மேசையில் ஓர் இளம் அதிகாரி. பாஸ்போட்டைப் பார்த்தார், “துரிஸ்மோ?”, சுற்றுலாவா, என்று கேட்டார்.

என் கணவர் இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி நிமிர்ந்து நின்றார். பொன் தேவாலயம், குன்று மாதா, பூமியின் நடு, பெரிய சதுக்கம் என்று முழுவதையும் ஸ்பானிய மொழியில், ஒரு மூச்சில், வகுப்பில் ஆசிரியருக்கு ஒப்புவிப்பதுபோல ஒப்புவித்தார். அதிகாரி சிரித்துவிட்டார். முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும், “அவ்வளவுதானோ? திருப்பி ஒரு கேள்வியும் கேக்கேல்லை,” என்றார். ஏமாற்றம்தான். அவ்வளவு படித்தவருக்கு இன்னும் கொஞ்சம் கடினமான பரீட்சை வைத்திருக்கலாம்.

பிறகு அந்த இடங்களைப் பார்த்தோம். பார்த்தோம் என்று நான்தான் சொல்கிறேன், அவர் சரிபார்த்தார். தேவாலய வாசலில் மற்றவர்களின் கால்களை ஒருமுறை பார்த்துவிட்டு, சப்பாத்தோடு உள்ளே போனார். கூரையில் இருந்து தரை வரை பொன். “ஓம், பொன்தான்,” என்றார். வெளியே வந்துவிட்டோம். நான் இன்னும் கழுத்தை நிமிர்த்திப் பார்த்து முடிக்கவில்லை.

குன்றின் மேல் மாதா அலுமினியத்தில், சிறகோடு, ஒரு பாம்பை மிதித்தபடி நிற்கிறாள். நகரத்தின் எந்த மூலையில் நின்றாலும் தெரிகிறாள். அந்த உயரமான ஊரில் ஏழு படி ஏறினாலே மூச்சு வாங்கும். நான் ஒரு சுவரில் சாய்ந்து நின்றேன். அவர் கீழே தெரிந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்கள் இருந்த அறையிலை யன்னல் மற்றப் பக்கம் இருந்திருந்தால் இவ தெரிஞ்சிருப்பா,” என்றார்.

நான் கமராவை எடுத்து அவரையும் மாதாவையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன்.

பூமியின் நடுவில் ஒரு பெரிய நினைவுச் சின்னம், தரையில் மஞ்சள் கோடு. எல்லாரும் காலை அகட்டி வைத்துப் படம் எடுக்கிறார்கள். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டிப் பெண், இப்போதைய கருவிகளால் அளந்தால் உண்மையான கோடு இங்கே இல்லை, கொஞ்சம் தள்ளிப் போகிறது என்று சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் காதில் வாங்காததால் நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“அப்ப கோழிக் கால் குடுக்காமல் படிப்பிச்சதும் பிழை,” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. “சரி, ஏறும். பஸ் வெளிக்கிடப் போகுது.”

அன்று மாலை கமராவில் படங்களைப் பார்த்தேன். பொன்னுக்கு முன்னாலும், மாதாவுக்கு முன்னாலும், மஞ்சள் கோட்டிலும் அவர் ஒரே மாதிரி நின்றார்: கை இரண்டும் கீழே, முகத்தில் பாஸ்போட் படத்துக்கு வேண்டிய அளவு உணர்ச்சி. இவ்வளவு தூரம் வந்து, சோபாவைத்தான் பூமத்திய ரேகைக்குக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் படித்த இடங்கள் முடிந்துவிட்டன. நான் வேறொரு பெரிய தேவாலயத்தைப் பார்க்க நினைத்திருந்தேன். அதன் வெளிச்சுவரில் பூத கணங்களுக்குப் பதிலாக ஆமையும் உடும்பு மாதிரி ஓணானும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்களாம். போகும் வழியில் ஒரு பூங்கா. மரங்களுக்கு நடுவில் வலை கட்டி ஆண்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக்கு மூன்று பேர். வலை ஒருவருக்கும் எட்டாத உயரத்தில். கையால்தான் அடித்தார்கள், ஆனால் பந்து, கால்பந்து. சுற்றிவர ஒரு கூட்டம் நின்று கத்தியது.

நான் கதைத்தபடி போய்க்கொண்டிருந்தேன். பதில் வராததால் திரும்பிப் பார்த்தேன். அவர் கூட்டத்தில் நின்றார்.

என் கணவர் ஊரில் கரப்பந்து, அதாவது வொலிபோல், ஆடியவர். இது அவர் சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல. கல்யாணம் பேசியபோது என் அண்ணர் விசாரித்துக்கொண்டு வந்த தகவல்.

“பிடிச்சிட்டான்,” என்றார்.

“என்னத்தை?”

“பந்தைப் பிடிச்செல்லே போட்டவன். உது ஃபவுல்.”

“அவையின்ர விளையாட்டு அப்பிடியாக்கும்.”

“ஆற்றை விளையாட்டெண்டாலும் பிடிக்கேலாது.”

அடுத்த பந்தும் அப்படியே வந்தது. பெரிய தொப்பை வைத்த ஒருவர் பந்தை ஒரு கணம் உள்ளங்கையில் தாங்கி, ஆறுதலாகத் தூக்கி மறுபக்கம் போட்டார்.

“பிடிச்சிட்டான்! பிடிச்சிட்டான்!”

எங்கள் ஊர்த் தமிழில், பூங்கா முழுக்கக் கேட்கும்படி. மே மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலை அந்த உயரத்தில் நான் கேட்கவில்லை. ஓரத்துப் பலகை இருக்கையில் இருந்த தொப்பிக்காரக் கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். கையைக் கிண்ணம்போல வைத்து, இவ்வளவு நேரம் பிடிக்கலாம் என்று காட்டினார். என் கணவர் இரண்டு கைகளாலும் தட்டிக் காட்டினார்: இப்படித்தான் அடிக்க வேண்டும். கிழவர் தலையை ஆட்டி மறுத்தார். இவர் அதைவிட வேகமாக மறுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. சண்டை நன்றாகப் போனது. கொஞ்ச நேரத்தில் கிழவர் பலகையில் தள்ளி இருந்து இடம் விட்டார். வசதியாக இருந்து சண்டை பிடிப்பதற்காக.

“கோயில் பூட்டப் போகினம்,” என்றேன்.

“நீர் போய்ப் பாத்திட்டு வாரும். நான் இதில நிக்கிறன்.”

போனேன். கல் ஆமைகளைப் பார்த்தேன், ஓணான்களைப் பார்த்தேன். மூச்சு வாங்க வாங்கப் படி ஏறி, மலைகளுக்கு நடுவே நீளமாகக் கிடந்த நகரத்தைப் பார்த்தேன். இறங்கும்போது மழை பிடித்தது. பூங்காவுக்கு ஓடி வந்தால், ஒருவரும் கலையவில்லை. என் கணவரும் கிழவரும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தலைக்கு மேல் ஆளுக்கு ஒரு முனையில் பிடித்தபடி, முகத்தில் நீர் வழிய, வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்க போனனீர்?” என்றார், என் பக்கம் திரும்பாமல். “முக்கியமான கட்டத்தை விட்டிட்டீர்.”

நான் விரிப்புக்குக் கீழே புகுந்து, ஈரப் பலகையில் அவர் பக்கத்தில் இருந்தேன்.

“நாங்கள் ஆற்றை பக்கம்?” என்று கேட்டேன்.

“உந்தத் தொப்பைக்காரற்றை பக்கம்,” என்றார்.