அரை மணி நேரம் ஓட வேண்டிய முள்

என் மகள் பழைய கைக்கடிகாரங்கள் சேர்க்கிறாள். எல்லாம் இல்லை, குரோனோகிராஃப் மட்டும். சாதாரண வாட்ச்சுக்குள் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் இருக்கும். மேல் பட்டனை அமுக்கினால் நடுவில் உள்ள நீள முள் ஓடத் தொடங்கும். நிமிடத்துக்கு ஒரு சுற்று. அது ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம், சின்ன வட்டத்துக்குள் இருக்கும் குட்டி முள் ஒரு கோடு தள்ளிப்போய் உட்காரும். மொத்தம் முப்பது கோடு. நிறுத்திவிட்டுக் கீழ்ப் பட்டனை அமுக்கினால் இரண்டு முள்ளும் பழைய இடத்துக்கு வந்துவிடும். அவளிடம் உள்ளவை எல்லாமே நான் பிறப்பதற்கு முன்னால் செய்தவை.

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் வீட்டு வாசலைத்தான் காட்ட வேண்டும். எந்த ஊரிலிருந்தோ பார்சல் வரும். அனுப்பியவரை அவள் நேரில் பார்த்தே இருக்க மாட்டாள். வாட்ஸ்அப் குழு ஒன்றில் பழக்கம், அவ்வளவுதான். குழுவில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். அவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வேலை முடிந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவர்களோடு பேசுவாள். தென்காசியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் என் கணவருக்கு இதில் எந்தக் கலக்கமும் இல்லை. "வாட்சுதான வாங்குதா. உனக்கு என்னட்டி செய்யுது?" என்பார்.

எனக்கு என்ன செய்கிறது என்பது அவருக்குத் தெரியும். போன வருடம் ஒரு காலையில் எனக்கு ஒரு வீடியோ கால் வந்தது. போலீஸ் உடுப்பில் ஒருவர். என் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம், விசாரணை முடியும்வரை கால் கட் பண்ணக் கூடாதாம், யாரிடமும் பேசக் கூடாதாம். அறையைச் சுற்றிக் கேமராவைக் காட்டச் சொன்னார். காட்டினேன். நான் ஆலங்குளத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவள். அன்றைக்கு மத்தியானம் தாண்டும்வரை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். கணவர் சாப்பிட வந்து கதவைத் தட்டியபோது தலைவலி என்றேன். பணம் அனுப்பும் கட்டம் வருவதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. விஷயம் எங்கள் மூவரைத் தாண்டி வெளியே போகவில்லை. அதைக் கேட்டுத்தான் மகள் சென்னையிலிருந்து குத்துக்கல்வலசையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

இந்த ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அறையிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. மலையாளம் கலந்த தமிழ்.

"கேமரா அசைக்க வேண்டாம். கால் கட் பண்ணக் கூடாது, கேட்டோ?"

நான் எப்படி உள்ளே போனேன் என்று நினைவில்லை. ஸ்டாண்டில் இருந்த போனைப் பிடுங்கிக் கட் பண்ணினேன். மகள் என்னைப் பார்க்கவில்லை. மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்த வாட்ச்சைப் பார்த்தாள்.

"எம்மா, இருபத்திமூணாவது கோட்டுல கொண்டுபோய்க் கட் பண்ணிட்டியே."

பிறகுதான் விளக்கினாள். அவளிடம் இருந்த வெள்ளை முக வாட்ச்சை அந்த மனிதருடைய கறுப்பு முக வாட்ச்சுக்கு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அந்தக் கறுப்பு முகத்தைத் தேடித்தான் அவள் இத்தனை காலம் அலைந்தது. மாற்றுவதற்கு முன்னால், முப்பது கோடும் முடியும்வரை முள்ளை ஓடவிட்டு, இடையில் நிறுத்தாமல் வீடியோவில் காட்ட வேண்டும். அது அவர்கள் வழக்கம். பழைய வாட்ச்சில் குட்டி முள் இருபது வரைக்கும் ஒழுங்காகப் போகும். கோளாறு இருந்தால் அதற்கு மேலேதான் ஒட்டிக்கொள்ளும். அங்கே வந்து கால் கட் ஆனால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

உடனே அவரைக் கூப்பிட்டு, நெட் போய்விட்டது என்று சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் நம்பவில்லை. அன்று சாயங்காலம், இந்த வாட்ச்சை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று குழுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். திட்டவில்லை, குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவளோடு வேறு வாட்ச்சுகளுக்குப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பதில் போடுவதை நிறுத்தினார்கள்.

"அங்க பேரு ஒரு தடவ கெட்டா அவ்வளவுதாம்மா," என்றாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாரல் சீசன் தொடங்கியதும் அந்தக் கறுப்பு முக வாட்ச்காரர் புனலூரிலிருந்து மனைவியோடு குற்றாலம் வருவதாகத் தெரிந்தது. வாட்ச்சை நேரில் பார்த்துவிடுங்கள் என்று மகள் அவரிடம் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வரச் சொல்கிறேன் என்று என்னிடம் சொன்னாள். வேண்டவே வேண்டாம் என்றேன், வீடு தெரிந்துவிடும். நாலு பேர் நடமாடும் ஐந்தருவிதான் சரி என்று முடிவாயிற்று. நானும் போனேன்.

பஜ்ஜிக் கடைகளைத் தாண்டி, சாரல் அடிக்காத ஒரு டீக்கடையின் பின்பெஞ்சில் உட்கார்ந்தோம். அவருக்கு என் வயதுதான் இருக்கும். மனைவி குளிக்கப் போயிருந்தார், இவர் குளிக்கவில்லை. இந்த வாட்ச்சுகளின் பட்டன் இடுக்கில் ஈரம் ஏறிவிடும் என்பதால், கறுப்பு முகத்தைக் கைக்குட்டையில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் கவரும் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அவர் காரின் நம்பரை நான் போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். நான் எடுத்ததை அவர் பார்த்துவிட்டார். எழுந்து போய், ஒளிவுமறைவே இல்லாமல், எங்கள் ஸ்கூட்டி நம்பரை அவரும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவரை முழுசாக வெறுக்க முடியவில்லை.

மேஜைமேல் வெள்ளை முகம் ஓடியது. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். டீ ஆறியது. இருபதைத் தாண்டியபோது, ஒருவேளை நிஜமாகவே அதில் கோளாறு இருந்து, என் மகளுக்கு அது முன்பே தெரிந்திருந்தால் என்று ஓர் எண்ணம் வந்தது. பெற்ற பிள்ளையை அப்படி நினைக்கும் அளவுக்கு ஆகிவிட்டேன். முள் ஒட்டவில்லை. முப்பதையும் தாண்டியது. அவர் நிறுத்திவிட்டுக் கீழ்ப் பட்டனை அமுக்கினார். இரண்டு முள்ளும் நேராகத் தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

"வாட்ச் சரி," என்றார். "பட்சே, அன்னைக்கு கால் எதுக்குக் கட் ஆச்சு?"

"நெட் போயிட்டு அங்கிள்."

"மோளே, நெட் போனா படம் நின்னுபோகும். எனக்கு வளையல் போட்ட ஒரு கை தெரிஞ்சுது."

மகள் தலையைத் தூக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அவர் தன் வாட்ச்சை எடுத்துத் திரும்பவும் கைக்குட்டையில் சுற்றத் தொடங்கினார். நிதானமாக, மூலைகளை மடித்து மடித்து.

சொன்னால் இது ஏமாறுகிற வீடு என்று இந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். கையில் எங்கள் வண்டி நம்பர் வேறு இருக்கிறது. சொல்லாவிட்டால் இவள் பொய்க்காரியாகத்தான் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். அவர் கவரைப் பிரித்துக் கைக்குட்டையை உள்ளே வைக்கப் போனார்.

"அது என் கை," என்றேன்.

போன வருடத்து வீடியோ காலைப் பற்றி முதன்முதலாக வெளியாள் ஒருவரிடம் சொன்னேன். உடுப்பு, பார்சல், கேமராவைச் சுற்றிக் காட்டியது எல்லாம். இவர் குரலும் அதே மாதிரி கட் பண்ணக் கூடாது என்றதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்த வாய் நிற்கவில்லை.

"சார்ஜ் தீந்து போன் அணைஞ்சதும் நான் தப்பிச்சோம்னு நெனைக்கல. சார்ஜரைச் சொருகி, நானே அவங்களத் திரும்பக் கூப்பிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க சார்னு சொல்லதுக்கு. பிஸின்னு வந்துது. மூணு நாலு தடவ கூப்பிட்டேன்."

"இத நீ எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா," என்றாள் மகள்.

போலீஸ் என்றால் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல மாட்டார்களா என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன்; அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். அவரோ கைக்குட்டையை மறுபடி பிரித்தார். கறுப்பு முகத்தை மகள் பக்கம் தள்ளினார். வெள்ளை முகத்தை எடுத்துக் கையில் கட்டினார்.

"சேச்சி, குரூப்பில நான் எழுதுறேன்," என்று போனை எடுத்தார்.

அனுப்புவதற்கு முன்னால் காட்டுங்கள் என்றேன். காட்டினார். வாட்ச்சில் குறை இல்லை, கால் கட் ஆனதற்கு அந்தப் பெண் காரணமில்லை, வாட்ச்சை நானே நேரில் பார்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திரும்ப ஒருமுறை படித்துவிட்டுத்தான் போனைக் கொடுத்தேன். நாங்கள் ஸ்கூட்டியை எடுப்பதற்குள் மகளுக்கு இரண்டு பேர் பதில் போட்டிருந்தார்கள்.

ஈரத் தலையோடு வந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு அவர் போனார். செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது காரில் மனைவியிடம் என் கதையைச் சொல்லியிருப்பாரா, சொன்னால் எப்படிச் சொல்லியிருப்பார் என்ற நினைப்பு என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளிடமே கேட்டேன்.

"சொல்லிருப்பாரும்மா," என்றாள், புது வாட்ச்சுக்குச் சாவி கொடுத்துக்கொண்டே. "அதுக்கு என்ன இப்ப?"

அதற்கு என்ன என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.