குருவி குந்த ஒரு வேலி

1981 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்ததும் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். சவரம் செய்து, பிளேடைத் துடைத்து உறையில் போட்டேன். பிறகு காவாந்தண்டலத்தில் என் நிலத்தைப் பார்க்கக் கிளம்பினேன்.

அடுத்த நிலத்துக்காரர் முனுசாமி வரப்பில் உட்கார்ந்திருந்தார். எதிரே அவருடைய சந்தனக் கன்று. இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றது.

போன வருஷம் வேலிப் புதருக்குள் அது தானாக முளைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் சந்தனம் ஏது? ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. முனுசாமி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பொங்கல் முடிந்ததும், கன்றுக்கு வெயில் படட்டும் என்று சுற்றியிருந்த காரை, சூரை முட்செடிகள் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினார். அதில் இன்னொரு லாபமும் இருந்தது... அவர் மனைவி சரசுவின் தக்காளியைக் கொத்தித் தின்னும் கொண்டைக்குருவிகளுக்கு அந்தப் புதர்தான் வீடு.

அபூர்வமாக வந்ததற்குப் பாத்தி. தினமும் வருவதற்குக் கல்லடி. நாம் எல்லோரும் அப்படித்தானே?

முந்தின நாள் செங்கல்பட்டில், மரக்கன்று வளர்க்கும் நண்பர் ஒருவரிடம் இந்தக் கன்று வாடுவதைப் பற்றி விசாரித்திருந்தேன். அவர் சொன்னதை முனுசாமியிடம் சொன்னேன். சந்தனம் தனியாகப் பிழைக்காது. பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சித்தான் வளரும். அதன் பழத்தைத் தின்றுவிட்டு, விதையை வேலிக்குள் போட்டுவிட்டுப் போவதும் பெரும்பாலும் இந்தக் கொண்டைக்குருவிதான்.

முனுசாமி கன்றின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை.

"அப்போ நான்தான் கொன்னுட்டேனா சார்?"

பக்கத்தில் தக்காளிமேல் வலை விரித்துக்கொண்டிருந்த சரசு முந்திக்கொண்டாள்.

"வரப்புல ஒரு சாண் எடம் எவனுக்கும் வுட மாட்டாரு. இதுக்குத்தான் வுட்டாரு... அதுவும் பூட்ச்சு."

யாரும் சிரிக்கவில்லை.

கன்றைப் பார்க்க ஊரே வந்ததே — அதைக் கொண்டுவந்த குருவியை ஒருவராவது ஏறிட்டுப் பார்த்தோமா? நானும்தான் பார்க்கவில்லை.

அன்றிரவு ஊரிலேயே தங்கிவிட்டேன். மறுநாள் காலை முதல் வேலையாக, முனுசாமி அந்த மொட்டை வரப்பில் உயிர்வேலிக்கான கிளுவைக் குச்சிகளை வரிசையாக ஊன்றிக்கொண்டிருந்தார். ஆடு மாடு நுழையாமல் இருக்கவா என்று கேட்டேன். குச்சி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சரசு நிமிர்ந்தாள்.

"குருவி வந்து குந்தட்டும் சார்."

தக்காளிமேல் போட்ட வலையை மட்டும் அவள் எடுக்கவில்லை.