சொல்லாமல் அணைந்த டார்ச்

டார்ச்சின் பொத்தானைத் தள்ளும் அந்த ‘டக்’ ஓசை போதும், மயிலாப்பூர் வீட்டு மொட்டை மாடியில் அப்பா பேட்டரிகளை வெயிலில் காயவைத்த பகல்கள் எனக்குள் திரும்பிவிடும். அவருடைய மூன்று செல் டார்ச் ஒரே நாளில் சாகாது. மஞ்சளாகி, செம்மையாகி, ஒரு வாரம் மங்கி மங்கி, நம்மிடம் சொல்லிக்கொண்டுதான் போகும்.

அந்த நினைப்பிலேயே, தி. நகர் நடைபாதையில் வாங்கிய சார்ஜ் டார்ச்சையும் நம்பினேன். சென்ற மாதம் பிளம்பர் ஏழுமலை எங்கள் வீட்டு நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கி, இருண்ட மூலையில் மோட்டார் குழாயின் வால்வை மாற்றினார். நான் மேலே குனிந்து வெளிச்சம் பிடித்தேன். பளீரென்று எரிந்துகொண்டிருந்த டார்ச் சட்டென்று அணைந்தது. உள்ளே அவர் வழுக்கி விழுந்த சத்தம்.

“சார், மேல கீறீங்களா?”

நான் டார்ச்சை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லத் தோன்றவில்லை.

“இன்னா சார், போய்ட்டீங்களா?”

அந்தக் குரலின் நடுக்கம் கேட்டுத்தான் கைபேசியை எடுத்து வெளிச்சம் காட்டினேன். புருவம் கிழிந்து, இடுப்பளவு நீரில் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். நல்லவேளை, கண் தப்பியது.

இப்போது சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் டார்ச் ஒன்றும், செல் போடும் டார்ச் ஒன்றும் வைத்திருக்கிறேன். யாரும் இறங்குமுன் இரண்டையும் எரித்துப் பார்க்கிறேன்.

போன வாரம் மிச்ச வேலைக்கு வந்த ஏழுமலையிடம் அவற்றைப் பெருமையாகக் காட்டினேன். வேலை முடிந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

“லைட்டு நல்லாத்தான் கீது சார். ஆனா நான் உள்ள இருக்கசொல்ல எதுனா பேசிக்கினே இருங்க. வரேன்.”