‘எடு’ என்ற சொல்லுக்கு ரெஜினா எழுதிய ஒரு வரி

ரெஜினா இறந்த செய்தியும் அவரைப் பற்றிய முதல் பொய்யும் ஒரே வாட்ஸ்அப் தகவலில் வந்தன. நாகர்கோவிலில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம் அனுப்பியிருந்தது. மலர்வளையப் படத்துக்குக் கீழே, ‘எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்ற நமது கொள்கையின் சிற்பி’ என்று போட்டிருந்தார்கள். அந்தக் கொள்கையோடு அவர் ஐந்து வருடம் சண்டை போட்டதைப் பார்த்த, கூட வேலை செய்த நீங்கள் எல்லோரும் அதன்கீழ் வரிசையாகக் கைகூப்பியிருந்தீர்கள்.

அந்தச் சொல் ‘எடு’. லிஸ்ப் என்ற நிரல் மொழியில் நாங்கள் எழுதிய லைப்ரரியில், அதாவது பிற நிரலாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில், இருப்பது. தகவல்களை வரிசையாக வைக்கும் இரண்டு முறைகளான லிஸ்ட், வெக்டர் எதில் வைத்தாலும் ‘நூறாவதை எடு’ என்றால் நூறாவது வந்துவிடும். கற்பதற்கு எளிது, விற்பதற்கு அதைவிட எளிது. ஆனால் வெக்டரில் நூறாவது இடத்துக்குக் கை நேராகப் போகும். லிஸ்டில் ஒவ்வொன்றுக்கும் தனக்கு அடுத்தது எது என்பது மட்டுமே தெரியும். தலையிலிருந்து, அதாவது முதலாவதிலிருந்து, நடந்துதான் போகவேண்டும். நூற்றியொன்றாவது வேண்டுமென்றால் மறுபடியும் தலையிலிருந்து.

ரெஜினா இதை மேலாளருக்கு விளக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

“சார், வடசேரியில எடுத்த பஸ்சு தக்கலையில ஒராள எறக்கிட்டு, மார்த்தாண்டத்துக்காரன எறக்க திரும்ப வடசேரிக்கு வந்துட்டா போவும்?”

“பயணிக்கு பஸ் ஒண்ணுதானேம்மா,” என்றார் மேலாளர். அந்தப் பதில் கூட்டக் குறிப்பில் ஏறியது. கேள்வி ஏறவில்லை.

ரெஜினா லிஸ்டுக்கும் வெக்டருக்குமான பொதுச் சொற்களுக்கே எதிரி என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். அதுவும் பொய். தலையிலிருந்து வால்வரை ஒரே நடையாகப் போகும் வேலைகளுக்கு லிஸ்டிலும் நஷ்டமில்லை. அவற்றுக்கான பொதுச் சொற்களை எழுதியவரே அவர்தான். நான் எழுதிய ஒன்று, ஒவ்வோர் உறுப்பைத் தொடும்போதும் ‘நீ லிஸ்டா, வெக்டரா?’ என்று விசாரித்துக்கொண்டிருந்தது. “மக்கா, சுசீந்திரம் கோயில்ல சட்டையக் கழத்தச் சொல்லது வாசல்ல ஒருக்க. நீ தூணுக்குத் தூணு நின்னு சொல்லுதியே?” என்றார். விசாரணையை வாசலுக்கு மாற்றினேன். நிரல் வேகமாகிவிட்டது. அந்தக் கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மீன்பிடிப் படகுகளுக்குக் கடல் எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளை இந்த லைப்ரரியை வைத்துத்தான் செய்தோம். படகுகள் நிற்கும் இடங்கள் நாள் முழுக்க ஒரே லிஸ்டில் சேரும். எச்சரிக்கை வந்ததும், முதலாவதை எடு, இரண்டாவதை எடு என்று அதைப் படித்து, யாருக்கு அனுப்புவது என்று மென்பொருள் முடிவு செய்யும். நாற்பது குறிப்புகளை வைத்துச் சோதித்தபோது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. நிஜத்தில் குறிப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தன; லிஸ்ட் நீள நீள நடையும் நீண்டது. காலையில் சுறுசுறுப்பாக இருந்தது மாலையில் தூங்கி வழிந்தது. கணினிக்கு வெயில் தாங்கவில்லை என்று முடிவுசெய்து நிறுவனம் ஓர் ஏசி வாங்கியது.

ரெஜினாவின் அண்ணன் கடலுக்குப் போகிறவர். ஒரு மாலை அவர் கூப்பிட்டார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ரெஜினா ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏட்டி, கடலுக்குப் போவாதன்னு ஒங்க மெசேஜு இப்பந்தான் வந்துச்சு. நான் காத்துல கெடந்து ஆடி, கரையேறி, மீனையும் வித்தாச்சு. இனி எங்க போவாம இருக்க?”

எல்லோரும் சிரித்தோம். ரெஜினா சிரிக்கவில்லை. அன்றே லிஸ்டை வெக்டராக மாற்றினார். மறுநாளிலிருந்து எச்சரிக்கை உடனுக்குடன் போனது. பாராட்டு ஏசிக்குக் கிடைத்தது.

அந்த மென்பொருள் தப்பித்தது. லைப்ரரி அப்படியே இருந்தது. லிஸ்டைக் கொடுத்தால் ‘எடு’ மறுக்க வேண்டும் என்று ரெஜினா கேட்டார். கொள்கைக்கு விரோதம் என்றார்கள். சரி, கையேட்டில் ஒரு வரியாவது சேருங்கள் என்றார்: ‘லிஸ்டில் இந்தச் சொல் ஒவ்வொரு முறையும் தலையிலிருந்து நடக்கும்.’ இதே லைப்ரரியை நம்பி எங்கேயோ யாரோ இன்னோர் எச்சரிக்கையை எழுதிக்கொண்டிருப்பார் என்பது அவருடைய கவலை. வாடிக்கையாளர் பயந்துவிடுவார் என்பது மேலாளருடைய கவலை.

“பயப்படட்டும் சார். கடல்ல கெடக்கவன் பயப்படுததவிட இது கொள்ளாம்லா.”

லைப்ரரிக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்று விளம்பரம் இருக்கிறது. ஒவ்வொரு பதிப்பின்போதும் ரெஜினா அந்த வரியை அனுப்பினார். ஒவ்வொரு முறையும் அது திரும்பி வந்தது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்தும் ஒருமுறை அனுப்பினார். ‘ஏற்கெனவே விவாதிக்கப்பட்டது’ என்று பதில் வந்தது. விவாதம் எப்போது நடந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இரண்டு: அந்த வரியும், திரும்பி வந்தால் மறுபடி அனுப்பும் பிடிவாதமும். அடக்கம் முடிந்த மறுநாள், எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டு, ஓர் எழுத்தும் மாற்றாமல் அனுப்பினேன்.

இன்று காலை பதில் வந்திருக்கிறது. எழுதியவர் அலுவலகத்துக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டுமாம்.