அவன் பெயருக்கு நான் கொடுத்த குரல்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே என் வீட்டில் ஓமம் வாங்கி வைத்துவிடுவார்கள். பலகாரத்துக்கு இல்லை, எனக்கு. ஈப்போ பசாரில் துணிக்கடைக்காரர்கள் புதுத் துணியை வாசலில் தொங்கவிட ஆரம்பித்ததும் எனக்கு வயிற்றைப் பிசையும். சோறு இறங்காது. என் மனைவி அதை வாயு என்கிறாள். நானும் மறுப்பதில்லை. வருஷம் முழுக்க ஊரைச் சிரிக்க வைக்கிறவன், ஊரே சிரிக்கிற நாளில் மூலையில் போய் உட்காருவதற்கு அதைவிட மரியாதையான காரணம் எனக்கும் அகப்படவில்லை.

உண்மைக் காரணம் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரப்பர் விலை திடீரென்று ஏறி, ஆள் போதாமல் ஒரு தோட்டத்துக் கங்காணி அடுத்த தோட்டத்து ஆட்களை ஆசை காட்டி இழுத்துக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. பால்மரம் வெட்டுவதில் நான் சுமார் ரகம். என் கத்தி பட்ட மரங்களைப் பார்த்து, வேலையை மேற்பார்க்கும் தண்டல், "இத எலி கடிச்சுச்சா, நீ வெட்டினியா?" என்று கேட்பார். ஆனால் குரல் மாற்றிப் பேசுவதில் எனக்கு ஈடு அந்தத் தோட்டத்தில் கிடையாது. துரை இருமுவது, கணக்கெழுதும் கிராணி மூக்கை உறிஞ்சுவது, துரை வீட்டு நாய் குரைப்பது எல்லாம் என் தொண்டையில் இருந்தன. நாயைத்தான் அதிகம் கேட்பார்கள்.

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில் நானும் என் கூட்டாளியும் இருந்தோம். இருவருக்கும் கடலுக்கு இந்தப் பக்கம் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. ஒரு சட்டியில் பொங்கி, ஒரே பாயில் இடத்துக்குச் சண்டை போட்டுப் படுத்தோம். நான்கு வருஷம்.

விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கிராணி பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். என் கூட்டாளி தூங்குமூஞ்சி. வாரத்தில் இரண்டு நாளாவது பெரட்டுக்குப் பிந்துவான். அவன் பெயரைக் கூப்பிட்டதும் நான் வரிசையில் ஓரடி பின்னால் நகர்ந்து, அவன் செய்வது போலவே இரண்டு தடவை செருமி, "இருக்கேன்யா" என்று கடைசி எழுத்தை இழுத்துப் பதில் சொல்லுவேன். லாந்தர் வெளிச்சத்தில் கிராணிக்கு முகம் தெரியாது. வரிசையில் இருப்பவர்கள் முண்டாசுக்குள் சிரிப்பார்கள். அதற்குள் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நேராக மரத்துக்கே வந்துவிடுவான். இந்த வித்தையில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

எங்களுக்குள் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. தீபாவளியன்று தன் தலையில் தானே எண்ணெய் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பெற்றவளோ அக்காளோ பெண்டாட்டியோ வைத்துவிட வேண்டும். யாரும் இல்லாத நாங்கள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்டோம். நான் அவனுக்கு அம்மா, அவன் எனக்கு அம்மா. உச்சந்தலையில் எண்ணெயை ஊற்றி அவன் தட்டுகிற தட்டில் பல் ஆடும். "நல்லா இருடா, நாலு புள்ள பெத்துக்கடா" என்று கிழவி குரலில் அவன் வாழ்த்துவான். அந்த ஒரு குரல் மட்டும் அவனுக்கு என்னைவிட நன்றாக வரும். அதற்காகத்தான் எனக்குத் தீபாவளியே.

அந்த வருஷம் இருவரும் ஈப்போவுக்குப் போய் ஒரே துணியில் ஆளுக்கொரு சட்டைக்கு எடுத்தோம். ஒரு போத்தல் நல்லெண்ணெயும் வாங்கினோம். தையற்காரரிடம் அவன், "என்னோடத மட்டும் முன்னாடி குடுத்துருங்கண்ணே" என்றான்.

"ஏன்டா, உனக்கு மட்டும் தீபாவளி முன்னாலயே வருதா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. என் நகைச்சுவை சரியில்லை போலும் என்று நினைத்து, திரும்பி வருகிற வழி முழுக்க அதை வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். என் புத்தி அந்த அளவுக்குக் கூர்மை.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, இன்னும் இருட்டாக இருக்கும்போது, அவன் பாயில் சுருண்டு கிடந்தபடி, "வயிறு சரியில்ல மச்சான். பெரட்டுல நீயே சொல்லிரு. மரத்துக்கு நேரா வாரேன்" என்றான்.

"ரெண்டு செருமலா, மூணா?"

"உன் இஷ்டம்லா."

நான் மூன்று செருமினேன். வயிற்று வலிக்காரன் ஆயிற்றே என்று குரலில் கொஞ்சம் முனகலும் சேர்த்தேன். கிராணி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஆனால் வரிசையில் அன்று யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து அறை அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அவன் மரங்கள் என் வரிசையை ஒட்டி இருந்தன. வெகுநேரம் அவன் வராததால், பாவம் வயிற்று வலி என்று அவன் மரங்களிலும் முப்பது நாற்பதை நானே வெட்டினேன். பால் எடுத்து ஸ்டோருக்குக் கொண்டுபோனபோது கிராணி, "அவன் எங்கே?" என்று கேட்டார். "பின்னால வாரான்யா" என்றேன். அதைச் சொன்னபோது அவன் செமோர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புது அறையில் பாயை விரித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எனக்கு அது அறைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவன் தகரப் பெட்டி இல்லை. கண்ணாடி தொங்கிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. இரண்டு பேரும் எட்டு மாதமாகத் தீபாவளிக்கென்று வளர்த்த சேவலை விட்டுவிட்டுப் போயிருந்தான். என்னையும் விட்டுவிட்டுப் போயிருந்தான். எண்ணெய்ப் போத்தலை மட்டும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தான்.

வெளியே வந்தேன். பக்கத்து அறை அக்கா, அந்த அண்ணனின் மனைவி, வாசலில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்து இன்னும் வேகமாகப் பிசைந்தார்.

"அக்கா, இவன் பெட்டியக் காணோம்."

"ம்."

"என்னக்கா ம்?"

"செமோர்ல ஒரு கங்காணி பொண்ணு குடுக்கறாராம்பா. முறைப்படி நோட்டீஸ் குடுத்தா நம்ம கங்காணி விடமாட்டாருல்ல. அதான் சொல்லாம போயிட்டான்."

"பெட்டிய யாரு தூக்கினா?"

உள்ளேயிருந்து அண்ணன் இருமும் சத்தம் கேட்டது.

அன்று மாலைக்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்காவுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியும். குழாயடியில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். கங்காணிக்கும் கிராணிக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அவன் தப்பிப்போக ஒரு காலைப்பொழுது தேவைப்பட்டது. அதை என் தொண்டையிலிருந்து எடுத்துக்கொண்டான். அவன் ஓடிப்போனதற்கு நானே "இருக்கேன்யா" என்று சாட்சி சொல்லியிருக்கிறேன், அதுவும் ஒரு செருமலைக் கூடுதலாகப் போட்டு.

மறுநாள் கிராணி கேட்டார். "நேற்று அவன் பெயருக்குப் பதில் சொன்னது யார்?"

நான் கையைத் தூக்கினேன். தீபாவளி வரை என்னைப் புல்வெட்டுக்குத் தள்ளினார்கள். மரங்களுக்கு அது நல்ல காலம் என்று தண்டல் சொன்னார்.

அந்த மூன்று நாளை நான் ஓட்டிய விதத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. தோட்டமே பலகார வாசனையில் மிதந்தது. பிள்ளைகள் புதுத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சுக்குள் ஈரச் சாக்கை வைத்தது போல் இருந்தது. ஆனால் என்னைக் கண்டால் எல்லோருக்கும் ஏதாவது வேடிக்கை வேண்டும்.

"என்னடா, உன் சோடி பறந்துருச்சாமே?" என்று குழாயடியில் ஒருவர் கேட்டார்.

"தாலி கட்டாம விட்டது என் தப்புண்ணே. இப்ப கேஸ் போடவும் முடியல."

வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். வேலைக்காட்டில் சொன்னேன், கடையில் சொன்னேன். அவர்கள் சொல்லிச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிட்டால் குறைவாக வலிக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கிலும் நான் சுமார் ரகம். அறைக்குள் வந்து கதவைச் சாத்தினால் சோறு பொங்கக் கை வராது. இரண்டு பேருக்கு அரிசி அளந்தே பழகிய கை, ஒருவனுக்கு எவ்வளவு என்று தெரியாமல் டின்னுக்குள்ளேயே நிற்கும். சிரிப்புக் காட்டுகிறவனிடம் சாப்பிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்க விட்டதில்லை.

தீபாவளி விடியற்காலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. லயம் முழுக்கத் தலையில் எண்ணெய் தட்டும் சத்தம். நான் கோவணத்தோடு பலகையில் உட்கார்ந்திருந்தேன், யாருக்காகவோ காத்திருப்பவன் போல. சேவல் எதிரில் நின்று என்னைப் பார்த்தது. தன்னை ஏன் இன்னும் அறுக்கவில்லை என்று அதற்கும் குழப்பமாக இருந்திருக்கும்.

அக்கா கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். "தலையக் குனிப்பா. நான் வச்சு விடறேன்."

"உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்? நல்ல நாளு."

"எப்பக்கா?"

"ரெண்டு வாரம் இருக்கும்." கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சத்தியம் வாங்கிட்டான்பா. உங்கிட்ட மட்டுமாவது சொல்லேன்டான்னுதான் நான் அவங்கிட்ட சொன்னேன். 'அவனுக்கு ஒரு ரகசியம் தெரிஞ்சா மறுநாள் பெரட்டுல நடிச்சுக் காட்டிருவான்க்கா'ன்னு உன்னப் பத்தி சொல்லிட்டான்."

அது பொய்யாக இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். முன் வருஷம் இதே அக்கா அண்ணனுக்குத் தெரியாமல் உண்டியலில் காசு சேர்த்த கதையை நான் தோட்டம் முழுக்க மூன்று குரலில் நடித்துக் காட்டியிருந்தேன். அவரும் அதை மறக்கவில்லை என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"வேணாங்க்கா" என்றேன்.

கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். கை, கால், முதுகில் எட்டிய இடம் வரை நானே தேய்த்துக்கொண்டேன். தலையைத் தொடவில்லை. வறண்ட தலையோடு புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு லயத்தைச் சுற்றி வந்தேன். "என்னப்பா தலை காஞ்சு கிடக்கு?" என்று கேட்டவர்களிடம், துரை வீட்டு நாய்க்கு எண்ணெய் வாசனை ஆகாது என்று சொல்லி, குரைத்தும் காட்டினேன்.

மதியம் மழை விட்டதும் அண்ணன் வந்து என் காதோடு சொன்னார். "தோட்டத்து எல்லையில நிக்கறான். உள்ள வந்தா தண்டல் பிடிச்சுருவாருன்னு பயப்படறான். உன்னத்தான் கேக்கறான்."

போனேன். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

தோட்டத்து எல்லையில் இருந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றான். அதே துணியில் அதே சட்டை. எங்கள் இருவரையும் பார்த்தால் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றுதான் யாரும் சொல்வார்கள். கையில் அந்த எண்ணெய்ப் போத்தல். பாதி காலியாகியிருந்தது.

"மச்சான், ரயிலேறி வந்தேன். தலையக் குனி. வச்சுட்டு ஓடிர்றேன்."

அவன் தலை பளபளவென்று மின்னியது. நெற்றியில் எண்ணெய் வழிந்திருந்தது.

"உனக்கு யாரு வச்சா?"

"பொண்ணோட அம்மா." கொஞ்சம் சிரித்தான். "உன் அளவுக்கு வராதுலா."

அவன் பெண்ணுக்காகப் போனது எனக்கு வலிக்கவில்லை. போகிறேன் என்று சொல்லியிருந்தால் பெட்டியின் ஒரு முனையை நான் பிடித்திருப்பேன். பெரட்டிலும் தெரிந்தே குரல் கொடுத்திருப்பேன். இன்னும் இரண்டு செருமல் போட்டிருப்பேன். இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நான்கு வருஷப் பழக்கம், தொண்டை தானாகச் செருமிக்கொண்டது. அவன் குரலிலேயே வந்தது:

"பின்னால வாரேன்யா, வயிறு சரியில்ல."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "நீ கோவமா இருப்பேன்னு பயந்துட்டே வந்தேன் மச்சான். உனக்கெல்லாம் கோவம் வருமா?" என்று என் தோளில் தட்டினான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை. தலையைக் குனியாமல் நின்றேன். இடது பக்கம் எண்ணெய் ஊற்ற வந்தான், வலது பக்கம் நகர்ந்தேன். அதையும் விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. போத்தலைப் பாலத்துக் கட்டை மேல் வைத்துவிட்டு, இரண்டு தடவை திரும்பிக் கை காட்டிப் போனான். மனம் லேசாகிப் போனான்.

போத்தல் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். மாலையில் பாலத்தடிக்குப் போய்ப் பார்த்தபோது யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

மறுநாள் பெரட்டு. மாதம் முடியும் வரை ஏட்டில் அவன் பெயர் அப்படியே இருந்ததால் கிராணி பழக்கத்தில் அதையும் கூப்பிட்டுவிட்டார். வரிசையில் எல்லோரும் என் பக்கம் திரும்பியது இருட்டிலும் தெரிந்தது. அக்காவும் திரும்பினார். பண்டிகை முடிந்த சோம்பலில் ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது அவர்களுக்கு. கிராணி மறுபடியும் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. அடுத்த பெயர் என்னுடையது. அதற்கு எந்தக் குரலில் பதில் சொல்வது என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. கிராணி அதையும் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.