தவமணிக்கு ஒரு கல்வெட்டு

கடிதம் வந்து சேர்ந்தபோது தவமணி செத்து இருபத்துநான்கு நாளாகியிருந்தது. வன்னியிலிருந்து ஒரு பாதிரியார் கையில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து தபாலில் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்த கடிதம். அவளுடைய தமையன் எழுதியிருந்தான்: மூளைமலேரியா, மூன்று நாள், மருந்து கிடைக்கவில்லை, எரித்தாயிற்று. சிவபாதம் நின்ற நிலையிலேயே அதை இரண்டுதரம் வாசித்தார். பிறகு விரல்விட்டு எண்ணினார். அந்த இருபத்துநான்கு நாளும் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறார், ஃபக்டரியில் பகிடி விட்டுச் சிரித்திருக்கிறார், போதாக்குறைக்கு ஆறாம் நாள் ஒரு கலியாணவீட்டுக்குப் போய் மணமக்களை அறுகரிசி போட்டு வாழ்த்தியும் இருக்கிறார். பெண்சாதி செத்த துடக்கோடு, அந்தத் தீட்டோடு அறுகரிசி போட்டவன் என்று தன்னைத்தானே திட்டினார். திட்டு முதலில் வந்தது, அழுகை பிறகுதான் வந்தது.

இது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதம். சிவபாதத்துக்கு முப்பத்தொன்பது வயது. கலியாணம் கட்டிப் பதினாலாம் மாதம், “ஆறு மாசத்திலை கூப்பிடுவன்” என்று சொல்லிவிட்டுக் கனடாவுக்கு வந்தவர். அந்த ஆறு மாதம் ஒன்பது வருடமாகிவிட்டது. முதலில் இவருடைய அகதி வழக்கு முடியவில்லை. பிறகு அடையாளப் பத்திரம் போதாது என்றார்கள். எல்லாம் சரிவந்தபோது அவள் சண்டையில் இடம்பெயர்ந்து, பாதை பூட்டிய பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே.

எங்கள் ஆட்கள் சோபா வாங்கினால் அதன் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றமாட்டார்கள். கோடையில் தொடையோடு ஒட்டினாலும் கழற்றமாட்டார்கள். சிவபாதம் அவர்களுக்கெல்லாம் அண்ணன். சோபா, விளக்கு, ரீவியின் ரிமோட், மெத்தைகூட, கடையிலிருந்து வந்த உறையோடுதான் இருந்தன. கேட்டால் சொல்வார்: “மனுசி வந்து தன்ர கையாலை உரிக்கட்டும்.”

இனி அவரால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, சனத்தைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்து, வந்தவர்கள் கையில் ஒரு கல்வெட்டுக் கொடுப்பது. கல்வெட்டு என்றால் செத்தவரின் படமும் வரலாறும் உறவினரின் புலம்பல் பாட்டுகளும் கொண்ட சின்னப் புத்தகம். தவமணிக்கு அங்கே அதை யார் அடிப்பார்கள்? அங்கே பள்ளிப் பிள்ளைகள் கொப்பி எழுதவே தாள் இல்லை. தான் அடிக்காவிட்டால், அவள் இருந்தாள் என்பதற்கு உலகத்தில் ஒரு வரிகூட இருக்காது என்று அவருக்குப் பயம் பிடித்தது. அச்சகத்தில் விசாரித்தார். இரண்டு கிழமை, பதினாலு நாள் செல்லும் என்றார்கள். முப்பத்தொன்றுக்கு ஏழு நாள்தான் இருந்தது.

ஊர்ச் சங்கத்துக்குக் கடிதங்கள் அடித்த பழக்கத்தால் வீட்டில் கொம்பியூட்டரும் தமிழ் எழுத்தும் இருந்தன. இல்லாதது பிறின்ரர். அடுத்தநாளே பிளாசாவில் ஜுனைட்டின் கொம்பியூட்டர் கடைக்குப் போனார்.

“கலர் எடுங்களேன் அண்ணே, விலையும் குறைவு” என்றார் ஜுனைட்.

“தண்ணி பட்டா ஊறுமோ?”

“அது ஊறும். லேசர் எண்டா ஊறாது, ஆனா கறுப்பு மட்டும்தான்.”

சாப்பிட்டுக் கைகழுவின ஈரத்தோடுதான் சனம் கல்வெட்டைப் புரட்டும். “கறுப்புக் காணும், அது போதும்” என்றார் சிவபாதம். எதற்கு என்று ஜுனைட் கேட்டார், இவர் சொன்னார். ஜுனைட் வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டு, விலை பேசாமல், இரண்டு கட்டுத் தாளையும் பெட்டிக்கு மேலே வைத்தார்.

வரலாறு எழுதும்போதுதான் சங்கடம். கலியாணம் வரைக்கும் எழுதிவிட்டார். பிறகு அவளுக்கு என்ன நடந்தது? அவருக்குத் தெரியாது. கடிதங்களில் அவள் இவருடைய சுகத்தைத்தான் கேட்டிருந்தாள். அதே கட்டடத்தின் நாலாம் மாடியில் யோகமலர் இருந்தாள், போன கோடையில் வந்தவள், வன்னியில் தவமணிக்கு அடுத்த ஓலைக் கொட்டிலில் இரண்டு வருடம் இருந்தவள். கொப்பியோடு அவளிடம் போனார். தவமணி தையல் மெஷினைச் சைக்கிளில் கட்டி ஐந்து இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனதையும், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சும்மா சட்டை தைத்துக் கொடுத்ததையும் யோகமலர் சொன்னாள். அத்தனையையும் எழுதிக்கொண்டார்.

படத்துக்குக் கலியாணத்துக்குப் பிறகு ஸ்ரூடியோவில் எடுத்தது ஒன்றுதான் இருந்தது. புதுப்படம் கேட்டபோதெல்லாம், “படமெடுக்கிற கோலத்திலை நான் இல்லை, வந்தாப் பிறகு நேரிலை பாருங்கோ” என்று தவமணி எழுதிவிடுவாள்.

பிறின்ரரை மேசையில் வைத்து, வயரைக் கொழுவி, ஃபிளொப்பிகளைப் போட்டு, ஒருமாதிரி உயிர் கொடுத்தார். அச்சுக் கொடுத்தால் வெறுந்தாள் வந்தது. மறுபடி கொடுத்தார். மறுபடியும் வெறுந்தாள். தமிழ் எழுத்தில்தான் கோளாறு என்று அதை அழித்து இரண்டுதரம் ஏற்றினார். ஒன்றும் சரிவரவில்லை. மூன்று நாள்தான் மிச்சம். ஃபக்டரியில் கூட வேலைசெய்யும் அலெக்ஸாண்டரைக் கூப்பிட்டார். அவன் மூடியைத் திறந்து மைப்பெட்டியை வெளியே எடுத்தான். அதன் ஓரத்தில் ஒரு பிளாஸ்ரிக் நாடா நீட்டிக்கொண்டிருந்தது.

“ஏன் மச்சான் உந்த நாடாவை இழுக்கேல்லை?”

“புதுசெல்லோ. பழுதாப்போகும் எண்டு விட்டனான்.”

“விசரா, அதை இழுத்தாத்தான் மை வரும். இழு.”

சிவபாதம் இழுத்தார். நாடா முழங்கை நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. அந்த வீட்டில் அவர் உரித்த முதல் பிளாஸ்ரிக் அதுதான். அதைக் கையில் சுற்றியபடி சோபாவில் அமர்ந்து, “இனி ஆருக்கு வைக்கிறது, அலெக்ஸ்?” என்று விம்மினார். அலெக்ஸாண்டர் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தான்.

அதற்குப் பிறகு மெஷின் சொன்ன சொல் கேட்டது. பக்கங்கள் சூடாக வந்து விழுந்தன. படம் புள்ளி புள்ளியாய்த்தான் வந்தது. ஆனாலும் மூக்குத்தியும் சிரிப்பும் தெளிவாக இருந்தன. இருவருமாய் மடித்து, ஸ்ரேப்ளர் பின் அடித்து, அறுபது கல்வெட்டுச் செய்தார்கள்.

முப்பத்தோராம் நாள் அபார்ட்மென்ற்றின் கீழ் மண்டபத்தில் நாற்பது பேர் வந்து சாப்பிட்டார்கள். எல்லோரும் கல்வெட்டைப் புரட்டி, அச்சு நல்ல துப்புரவு என்றார்கள். சிவபாதத்துக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு ஆறுதல் வந்தது. அவளுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நினைத்தார். பரிமாறி முடித்த யோகமலர் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள். முதல் பக்கத்துப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வடிவான பிள்ளை. தவமணியக்கான்ர தங்கச்சியோ அண்ணை?”

சிவபாதம் கிட்ட வந்தார். “தங்கச்சி இல்லைப் பிள்ளை. அவதான்.”

யோகமலர் மறுபடி குனிந்து, தனக்குத் தெரிந்த ஒரு முகத்தை அந்தப் படத்தில் தேடினாள். அது கிடைக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

“கடைசியிலை எப்பிடி இருந்தவ?” என்று சிவபாதம் கேட்டார். வரலாறு எழுதப்போன அன்றைக்கு இதைக் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

யோகமலர் பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்தாள். “தலை முழுக்க நரைச்சுப்போச்சண்ணை. நல்லா மெலிஞ்சிட்டா. முன்பல்லு ரண்டும் இல்லை. உங்கட கதை எடுத்தா மட்டும், வாயைக் கையாலை பொத்திக்கொண்டு சிரிப்பா.”

முப்பத்தைந்து வயதில் நரைத்து, வாயைப் பொத்திச் சிரித்த அந்தப் பெண்ணை அவர் ஒருநாளும் கண்டதில்லை. இத்தனை நாளும் அழுதது படத்தில் இருந்தவளுக்காக. அங்கே எரிந்தவளுக்காக இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நாற்பது பேர் பார்த்திருக்க, சிவபாதம் வாய்விட்டு அழுதார்.