குப்புற வைத்த போன்கள்

"இந்தா டோக்கனு. வாங்கிக்கினு போய்க்கினே இரு, வழிய அடைக்காத" என்று சொல்லியபடியே, கைக்கு வந்த போனைக் கிறிஸ்டினா குப்புறப் போடுகிறார். அடுத்த போன் வருகிறது. அதுவும் குப்புற. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியின் வாசலில், காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்குள் ஒரு பெரிய அலமாரி முழுக்கப் போன்கள் இப்படிக் கவிழ்ந்து படுத்துவிடும். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனி சட்டம். குப்புறத்தான் வைக்க வேண்டும் என்பது கிறிஸ்டினா சட்டம்.

"மூச்சு முட்டப் போவுதுக்கா அதுக்கு" என்று பையன்கள் சீண்டுவார்கள்.

"முட்டட்டும். உனுக்கு யாரு இன்னா மெசேஜ் போட்டான்னு நான் படிக்கணுமா? இல்ல, உனுக்குப் பின்னால நிக்கிறவன் படிக்கணுமா?"

புடவைக்கு மேல் செக்யூரிட்டி கோட்டு, கோட்டுப் பையில் ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கர். போனோடு உள்ளே போக அனுமதி உள்ள ஆபீசர்களின் கேமராக் கண்ணில் ஒட்டுவதற்காகக் கம்பெனி கொடுத்தது. கிறிஸ்டினா அதை ஒட்டுவதில்லை, அறைகிறார். கட்டை விரலால் இரண்டு தடவை அழுத்தி, நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்த பிறகுதான் ஆளை விடுவார். ஒரு ஸ்டிக்கர் வீட்டுக்கும் போயிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள் ஷைனி ஒரு நாள் செல்பி எடுக்கப் போய், திரை முழுக்கச் செக்கச்செவேல் என்று இருப்பதைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள்.

பயந்த சுபாவம். அதை அவரே மறைப்பதில்லை. பஸ் ஸ்டாப்பு வரை வந்துவிட்டு, கேஸ் மூடினோமா என்று திரும்பி ஓடுவார். ஓட நேரமில்லாத நாளில் கணவர் ஸ்டீவனைக் கூப்பிடுவார். ஸ்டீவனுக்கு அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. விடியும் முன்பே கிளம்பிவிடுகிற மனிதர். "கடைசியா ஊட்டுலருந்து கெளம்புனது நீ. கேஸு மூடுனியான்னு என்னக் கேக்குறியே, இது இன்னா நியாயம்?" என்று அவர் சொல்வது ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கும்.

ஷிப்டு ஆரம்பித்தபின் அந்த அலமாரி ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். ஓர் உறுமல், ஒரு சிணுங்கல், நடுவில் யாரோ மறந்துபோய் அணைக்காமல் விட்ட பக்திப் பாட்டு. எது யாருடையது என்று திரும்பாமலே சொல்லிவிடுவார். ஆனால் எடுக்க மாட்டார். செக்யூரிட்டி யாராவது தொழிலாளியின் போனைத் திறந்தது தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

இந்தக் குப்புறப் பழக்கம் கல்பனாவுக்குப் பிறகு வந்தது. கல்பனா, ஒயர் கட்டும் லைனில் வேலை பார்த்த பெண். பழகியவன் ஒருவன் அவளுடைய அந்தரங்கப் படங்களை வைத்துக்கொண்டு மிரட்டினான். டோக்கன் கவுண்டரில் அவன் மெசேஜ் திரையில் வந்து விழுந்ததை வரிசையில் நின்ற நாலு பேர் படித்தார்கள். அழுதுகொண்டு நின்றவளிடம், "எல்லாத்தையும் அழிச்சிட்டு நம்பர மாத்து, நிம்மதியா இரு" என்று புத்தி சொன்னது கிறிஸ்டினாதான். அவளும் அழித்தாள். படங்கள், மிரட்டல்கள், அவன் நம்பர் எல்லாம் போயிற்று. அப்புறம் படங்கள் வெளியே வந்தன. அவன் மிரட்டியதற்கு என்ன ஆதாரம் என்று போலீசில் கேட்டபோது, போன் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. கல்பனா வேலையை விட்டுவிட்டாள். கிறிஸ்டினா கூப்பிட்டால் இன்றுவரை எடுப்பதில்லை.

பிறகு ஒரு நாள் கம்பெனியில் பெண்களைக் கூட்டி வைத்துப் பேச, திருவள்ளூர் சைபர் கிரைமிலிருந்து ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். கிறிஸ்டினா முன்வரிசையில் உட்கார்ந்து, புரியாததை எல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டு அவரைப் படுத்தி எடுத்துவிட்டார். பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியை இன்றைக்கும் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "போட்டோ நம்ம போன்லயே இருக்கும். அதோட ரேகைய மட்டும் ஒரு சைட்டுல எடுத்துக்குவாங்கோ, நம்ம கட்டவிரல் ரேக மாதிரி. அதே போட்டோவ எவனாவது ஏத்த வந்தான்னா ரேக ஒத்துக்கும், அத்தோட நிறுத்திடுவாங்கோ. ஆனா நம்மகிட்ட போட்டோவே இல்லன்னா எத்த வச்சி ரேக எடுக்கறது? அதனால அழிக்காத. பயத்துல அழிச்சிடாத." எல்லா இடத்திலும் இது செல்லாது, வாட்ஸப்பில் ஒருவன் நேராக அனுப்பினால் தடுக்காது என்றும் அந்த எஸ்.ஐ. சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் கிறிஸ்டினாவின் குரல் இறங்கிவிடும்.

போன மாதம் அந்த இறங்கிய குரலுக்கு வேலை வந்தது. நந்தினி என்ற பெண், எளாவூர்ப் பக்கத்துக் கிராமம். அவள் அப்பா அன்புசெல்வனுக்குக் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. அதை மட்டும் நம்ப முடியாமல் அவரும் இதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறார். அப்பாவும் மகளும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். அலமாரியில் அவர்கள் போன்களும் பக்கத்துப் பக்கத்து அறையில்தான் படுக்கும். அன்று காலை அவர் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மகள் மட்டும் தன் போனைக் கொடுக்காமல் கையிலேயே இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"மத்தியானத்துக்குள்ள பதில் போடலன்னா எல்லாத்தையும் நைனாக்கு அனுப்பிடுவன்றான்க்கா."

"எவன்?"

"லோகு. நிச்சயம் பண்ணி நின்னு போச்சே, அவன்தான்."

நிச்சயம் முடிந்தபின் அவன் அந்தரங்கப் படம் கேட்டான், கட்டிக்கப் போகிறவன்தானே என்று இவள் அனுப்பினாள். பிறகு அவன் கை நீட்டுகிற ஆள் என்று தெரிந்து இவளே வேண்டாம் என்றாள். அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை, மகள் பக்கம் நின்றார். ஆனால் படங்கள் அவரிடம் சொல்லாத விஷயம்.

"இப்பவே எல்லாத்தையும் அழிச்சிடுறேன்" என்று திரையில் விரலை வைத்தவளின் கையைக் கிறிஸ்டினா தட்டிவிட்டார்.

"கைய எடு! அழிக்காத. அவன் மெரட்டுனது, நீ அனுப்பினது, எல்லாம் அப்படியே இருக்கட்டும். சாயங்காலம் ரெண்டு பேரும் ஒக்காந்து இன்னா பண்றதுன்னு பாப்போம்."

"சாயங்காலம் வரிக்கும் அவன் சும்மா இருக்கணுமே!" நந்தினி குனிந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள். "நைனா போனு உங்கிட்டதான கீது. 'ட' மாதிரி கோடு இழுத்தா தொறந்துக்கும். வந்துச்சின்னா நீ அழிச்சிடுக்கா. உன் கால்ல உழறேன்."

சங்கு ஊதிவிட்டது. பதிலுக்குக்கூட நிற்காமல் போனைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அன்று காலை முழுக்கக் கிறிஸ்டினாவின் காது அலமாரிப் பக்கமே இருந்தது. அன்புசெல்வனின் போன் சாதாரணமாக வாய் பேசாத போன். விடிகாலையில் பூப்படத்தோடு வரும் ஒன்றிரண்டு வணக்கங்கள், அவ்வளவுதான். அவை வீட்டிலேயே வந்து முடிந்திருக்கும். பக்கத்தில் யார் போன் அதிர்ந்தாலும் கிறிஸ்டினா திடுக்கிட்டுத் திரும்பினார். லாரி டிரைவர் ஒருவர் டோக்கன் கேட்டுக் கேட்டுச் சலித்து, "இன்னாம்மா, பகல்லயே தூக்கமா?" என்றார்.

வெயில் உச்சிக்கு வந்தபின் அன்புசெல்வனின் போன் அதிர்ந்தது. ஒரு முறை, உடனே இன்னொரு முறை, அப்புறம் விடாமல் நாலைந்து. கவிழ்ந்து கிடந்த போன் பலகையில் நடுங்கி நடுங்கி அறையின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தது.

கிறிஸ்டினா அதைக் கையில் எடுத்தார். பயம்தான் எடுக்க வைத்தது. திருப்பி ஒரு கோடு இழுத்தால் போதும், ஒரு பெண்ணின் மானமும் ஒரு தகப்பனின் நிம்மதியும் மிஞ்சும் என்று தோன்றியது. வேலை போனால் போகட்டும் என்றுகூட நினைத்தார். ஆனால் இன்றைக்கு அழித்தால் நாளைக்கு அனுப்புவான். நாளைக்கு அழித்தால் அந்த வீட்டுக்கே வந்து நிற்பான். ஆதாரத்தைத் தன் கையாலேயே மறுபடியும் கழுவிவிட வேண்டுமா? அதோடு, திறந்தால் படம் தன் கண்ணிலும் பட்டே தீரும். அந்தப் பெண் காட்ட விரும்பாத இன்னொரு ஆள் பார்த்த கணக்குத்தான் அது, அந்த ஆள் கிறிஸ்டினாவாகவே இருந்தாலும். போன் கையில் சூடாகிவிட்டது. திருப்பாமல், எடுத்த மாதிரியே குப்புற வைத்து, உள்ளே தள்ளினார்.

டீ இடைவேளையில் நந்தினி கிரில் கேட்டுக்கு ஓடி வந்தாள். "வந்துச்சா?"

"வந்துச்சி."

"அழிச்சிட்டியா?"

"தொறக்கல. தொறக்கவும் மாட்டேன்." அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கிறிஸ்டினா கிரில்லுக்குள் கைவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "கேளு. ஷிப்டு முடிஞ்சி உங்க நைனா அத்த கையில எடுக்கப் போறாரு. அதுக்குள்ள நீ போய்ச் சொல்லிடு. உன் வாயால கேக்கட்டும். அந்த போனு சொல்லி அவுரு தெரிஞ்சிக்க வேணாம்."

"செத்துருவாருக்கா."

"சொல்லு. சொல்லிட்டு, பாக்க வேணாம், ஒடைக்க வேணாம், அழிக்க வேணாம்னு கேட்டுக்கோ. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் அவருக்கு உண்மையிலேயே தெரியும். அந்தப் பெண் அப்பாவைத் தேடிக் கேன்டீன் பக்கம் நடந்து போவதைப் பார்த்த பிறகு, கவுண்டரைவிட்டு நகர முடியாத கிறிஸ்டினாவுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அன்புசெல்வன் அவளை அங்கேயே அறைவாரோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாரோ, கேட்டுக்கு ஓடி வந்து போனைப் பிடுங்கிக் கல்லில் அடிப்பாரோ என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து வாட்டியது. புத்தி சொன்னபோது இருந்த தைரியம் இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. தப்பான யோசனை இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டோமோ என்ற நினைப்பும் வந்தது. கொண்டுவந்த எலுமிச்சஞ்சோறு டப்பா திறக்காமலே கிடந்தது. மாதாவைக் கூப்பிட்டார், நடுவில் ஸ்டீவனையும் கூப்பிட்டார். "கேஸு மூடிதான் கீது" என்றார் அவர், கேள்வியே கேட்பதற்கு முன்பு.

சங்கு ஊதியது. கூட்டம் வந்து மொய்த்தது. டோக்கன்கள், கைகள், "அக்கா சீக்கிரம், பஸ்ஸு பூடும்". கிறிஸ்டினா போன்களை எடுத்து எடுத்துக் கொடுத்தார்; கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. எல்லோரும் போனபின் இருவரும் வந்தார்கள். முன்னால் அன்புசெல்வன், இரண்டு தப்படி பின்னால் நந்தினி, முகம் வீங்கி. அடி வாங்கிய வீக்கமா, அழுத வீக்கமா என்று தெரியவில்லை. அவர் கண்ணும் சிவந்திருந்தது.

டோக்கனைப் பலகையில் வைத்தார். கிறிஸ்டினா போனை எடுத்து, வழக்கம்போலக் குப்புறவே, அவர் முன்னால் நகர்த்தினார்.

அன்புசெல்வன் அந்த போனின் முதுகைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏம்மா, திருவள்ளூர்ல அந்த சைபர் போலீசு ஆபீசு, சாயங்காலம் எத்தினி மணி வரிக்கும் தொறந்திருக்கும்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. போனை எடுத்தார், திருப்பவில்லை. கவிழ்ந்தது கவிழ்ந்தபடியே மகளின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மூடினார்.